பங்காளி மனையில் நிற்கும் மரம் என் வீட்டின் மேல் சாய்கிறது, வெட்டலாமா?

கேள்வி: எங்கள் வீட்டின் மேற்குச் சுவரை ஒட்டி, சித்தப்பா மகனின் மனையில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது. அடிமரம் எல்லைக் கல்லிலிருந்து இரண்டடி தள்ளி அவர் பக்கம் இருக்கிறது. நட்டு, தண்ணீர் ஊற்றி வளர்த்தவர் என் அப்பா. 1994-இல் பாகம் பிரித்தபோது அந்த இடம் அவர்களுக்குப் போனது. இப்போது அடியில் பொந்து விழுந்து, மரம் எங்கள் மாடியை நோக்கிச் சாய்ந்துவிட்டது, சுவரும் வெடித்திருக்கிறது. என் மகள் கல்யாணத்தில் தனக்கு மரியாதை குறைந்தது என்ற கோபத்தில் அவர் வெட்ட மறுக்கிறார். 'ஒருநாள் விடிந்து பார்த்தால் மரம் இருக்காது' என்று நானும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். எங்கள் பக்கம் வந்த வேர்களையாவது வெட்டிவிடலாம் என்கிறார் கொத்தனார். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறேன். செய்யலாமா?

பதில்: செய்யக் கூடாது.

மரத்தை நட்டது யார், கல்யாணத்தில் யாருக்கு மரியாதை குறைந்தது என்பதெல்லாம் சட்டத்துக்கு வேண்டாத கதை. உங்கள் கடிதத்தில் எனக்குத் தேவைப்பட்டது ஒரே வரி: அடிமரம் அவர் மனையில் இருக்கிறது. பாகப்பிரிவினைப் பத்திரத்தை எடுத்துச் சொத்து விவரத்தைப் படியுங்கள். 'மாவடை, மரவடை உட்பட' (அதாவது, நிலத்தில் நிற்கும் மரங்களும் சேர்த்து) என்று அவர் பாகத்தில் எழுதியிருக்கும். அந்த மரத்தைப் பொதுவில் வைத்ததாகத் தனியாக ஒரு வரி இல்லையென்றால், மரம் அவருடையது. அதை வெட்டும் உரிமை உங்களுக்கு இல்லை. வெட்டச் சொல்லிக் கேட்கும் உரிமைதான் இருக்கிறது.

ஆபத்தான மரத்தை அகற்ற உத்தரவிடும் அதிகாரம் கோட்டாட்சியருக்கு உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு. விழுந்து அக்கம்பக்கத்தில் வசிப்பவர்களுக்கோ வழியில் போகிறவர்களுக்கோ காயம் ஏற்படுத்தக்கூடிய மரத்தை அந்தப் பிரிவு வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. ஆனால் மனுவில் பங்காளிச் சண்டையை ஒரு வரி எழுதினாலும் 'இது உரிமையியல் தகராறு, நீதிமன்றத்தை அணுகவும்' என்று பதில் வரும். இப்படித் திரும்பி வந்த மனுக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பொந்து, சாய்வு, அடியில் நடமாடுகிறவர்கள், தேதி தெரியும் புகைப்படங்கள்: மனுவில் இவை மட்டும் இருக்கட்டும்.

உரிமையியல் நீதிமன்றத்தில் செயலுறுத்துக் கட்டளை, அதாவது மரத்தை அகற்றும்படி அவருக்கு உத்தரவு, கேட்கலாம். ஆனால் அங்கே முதலில் இடத்தைப் பார்க்க நீதிமன்றம் அனுப்பும் வழக்கறிஞர் ஆணையரும் சர்வேயரும் வந்து அளப்பார்கள். சுவர் எல்லையை ஒட்டி இருப்பதாக நீங்களே சொல்கிறீர்கள். அப்படியென்றால் மேற்குப் பக்கத்துச் சன்ஷேடு யார் மனையின் மேல் நீட்டிக்கொண்டிருக்கிறது? மரத்துக்காக வழக்குப் போட்டுவிட்டுச் சன்ஷேடை இடிக்கச் சொல்லும் எதிர்வழக்கைச் சந்தித்தவர்கள் உண்டு. வழக்குப் போடுவதற்கு முன்பே நீங்களே அளந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி, உங்களைப் பற்றி எனக்கு உண்மையிலேயே கவலை தரும் விஷயம். என் கட்சிக்காரர் ஒருவர், பக்கத்து வீட்டார் வெளியூர் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து ஆட்களை விட்டு மரத்தை அறுத்தார். ஆபத்து உண்மையானதுதான், படங்களும் வைத்திருந்தார். ஆனால் கூலிக்கு ஈடாக மரத்தை அறுவை மில்லுக்கு ஏற்றி அனுப்பினார். அத்துமீறல், சொத்துக்குச் சேதம், திருட்டு என்று மூன்றும் புகாரில் வந்தன. திருட்டா என்று அவர் கேட்ட முகம் இன்னும் நினைவிருக்கிறது. மண்ணில் வேரூன்றி நிற்கும்வரை மரம் அசையாப் பொருள். வெட்டிய கணத்தில் அசையும் பொருள். நேர்மையற்ற எண்ணத்துடன் பிறர் நிலத்து மரத்தை எடுத்துச் செல்ல வெட்டினால், வெட்டியவுடனேயே அது திருட்டு என்று சட்டத்தின் விளக்க உதாரணமே சொல்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை தண்டனை. சேதத்தின் மதிப்பு ஒரு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ என்றால், 324ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை போகும். அவருக்கு நேர்மையற்ற எண்ணம் இல்லை என்று நிரூபிக்க நாங்கள் வருடக்கணக்கில் வாய்தாவுக்கு அலைந்தோம். உங்கள் விஷயத்தில் அதுகூடக் கடினம், ஏனென்றால் வாட்ஸ்அப் செய்தி உங்கள் சித்தப்பா மகன் கையில் இருக்கிறது. நாளைக்கு அந்த மரத்தில் யார் கை வைத்தாலும் முதலில் உங்களைத்தான் கேட்பார்கள்.

வேர் விஷயம் இதைவிட மோசம். உங்கள் மண்ணுக்குள் வந்த வேரை வெட்டலாம், உங்கள் பக்கம் நீண்ட கிளையையும் உங்கள் இடத்தில் நின்றபடி எல்லை வரை வெட்டலாம் என்பது சரிதான் (வெட்டிய கிளை அவருடையது). கொத்தனார் சொன்னதும் அந்த அளவில் சரி. ஆனால் இரண்டடி தூரத்தில் நீங்கள் வெட்டப்போவது மரத்தைத் தாங்கி நிற்கும் வேரை. அடி ஏற்கெனவே பொந்து. அடுத்த மழையில் மரம் விழுந்தால், 'நின்ற மரத்தை இவர்தான் விழவைத்தார்' என்று அவர் சொல்வார். அதுவரை அவர் தலையில் இருந்த பொறுப்பு உங்கள் தலைக்கு மாறிவிடும். அடியில் ஒரு உயிர் போனால் கவனக்குறைவால் மரணம் விளைவித்த வழக்கு, அதே நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு. அடிமரத்தில் துளை போட்டு ஆசிட் ஊற்றச் சொல்லும் யோசனையும் யாராவது தருவார்கள். பட்ட மரம் இன்னும் சீக்கிரம் விழும். துளையோ அழியாத சாட்சியாக நிற்கும்.

ஆகவே சமரசமாகப் போங்கள். வெளிப்படையாகவே சொல்கிறேன்: வெட்டுக்கூலி முழுவதும் உங்களுடையது, மரம் முழுவதும் அவருடையது என்று சொல்லுங்கள். இதில் நியாயம் இல்லை என்று உங்களுக்குத் தோன்றும். ஆனால் வழக்குச் செலவோடு ஒப்பிட்டால் இது சிறிய தொகை. இந்தப் பேச்சுகள் பெரும்பாலும் உடைவது விறகு யாருக்கு என்ற இடத்தில்தான். இரண்டு பக்கமும் மதிக்கும் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு நீங்களே அவர் வீட்டுக்குப் போங்கள். வாட்ஸ்அப்பில் சொன்னதற்கு வருத்தம் தெரிவியுங்கள். சம்மதித்தால் அன்றைக்கே எழுதி, இரண்டு சாட்சிகளுடன் கையெழுத்து வாங்குங்கள். வெட்டும்போது சுவருக்கோ மின்கம்பிக்கோ சேதம் வந்தால் யார் பொறுப்பு என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். மலைப்பகுதியாக இருந்தால் 1955ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்காமல் அவரும்கூட வெட்ட முடியாது.

மறுத்தால், ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். பொந்தும் சாய்வும் அவருக்குத் தெரியும் என்பதை அது நிலைநாட்டும். பின்னால் மரம் விழுந்தால் கடவுள் செயல் என்று அவர் கைவிரிக்க முடியாது. கோட்டாட்சியருக்கான மனுவில் அந்தக் கடிதத்தின் நகலை வையுங்கள்.

கொத்தனாரை இன்றே வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மரம் இறங்கும்வரை, காற்று மழை நாட்களில் மாடியின் மேற்கு அறையில் யாரையும் படுக்கவைக்காதீர்கள்.