வாசெயில்: ஊருக்கு ஊர் மாறும் ஆங்கிலேயப் பாட்டு

கேள்வி: வாசெயில் என்பது கிறிஸ்துமஸ் கேரல்தானே?

பதில்: முழுக்க அப்படி இல்லை. சில ஊர்களில் கிண்ணத்தோடு வீடு வீடாகப் போய்ப் பாடுவார்கள். சில ஊர்களில் ஆப்பிள் தோட்டத்துக்கே போய் மரத்துக்குப் பாடுவார்கள். ஊர் எதை நம்பிப் பிழைத்ததோ அதற்குத்தான் வாழ்த்து.

கேள்வி: மரத்துக்குப் பாட்டா? எங்கே?

பதில்: சைடர் என்னும் ஆப்பிள் மதுவைத் தயாரிக்கும் இங்கிலாந்தின் மேற்குப் பகுதிகளில். சோமர்செட்டில் கார்ஹாம்ப்டன் பேர்போனது. இருட்டியதும் மரத்தைச் சுற்றி நின்று, வேரில் சைடரை ஊற்றுவார்கள். சைடரில் ஊறிய ரொட்டித் துண்டுகளைக் கிளைகளில் வைப்பார்கள். அது ராபின் குருவிகளுக்காம். தொப்பி தொப்பியாக, மூட்டை மூட்டையாகக் காய்க்கச் சொல்லிப் பாடிவிட்டு, கெட்ட ஆவிகளை விரட்ட வானத்தை நோக்கித் துப்பாக்கியால் சுடுவார்கள். ஆவி இருக்கோ இல்லையோ, தூங்குகிற மரம்கூட அந்தச் சத்தத்தில் விழித்துவிடும்!

கேள்வி: மரத்துக்குப் பாடுவதை கிறிஸ்துமஸ் முடிந்த பிறகு, ஜனவரி 17-இல் வைத்துக்கொள்வது ஏன்?

பதில்: 1752-இல் இங்கிலாந்து நாட்காட்டியை மாற்றியபோது 11 நாட்கள் விடுபட்டன. கிறிஸ்துமஸிலிருந்து எண்ணிவரும் பன்னிரண்டாம் இரவைப் பழைய கணக்குப்படியே கொண்டாடுவோம் என்று சில ஊர்கள் இருந்துவிட்டன.

கேள்வி: மாடுகளுக்கும் பாடுவார்களாமே?

பதில்: குளோஸ்டர்ஷயர் பாட்டைக் கேளுங்கள். எனக்கு மிகப் பிடித்தது இதுதான். டாபின் என்ற குதிரையின் வலது கண்ணை வாழ்த்திவிட்டு எஜமானுக்கு 'பை' என்ற நல்ல கிறிஸ்துமஸ் பலகாரம் கேட்பார்கள். பிராட் மே என்ற பசுவின் அகன்ற கொம்பை வாழ்த்திவிட்டு நல்ல விளைச்சல் கேட்பார்கள். கண்ணுக்கும் பைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், ஆங்கிலத்தில் 'ஐ', 'பை' என இரண்டும் ஓசை ஒத்துப்போகும், அவ்வளவுதான். பக்கத்து ஹெர்ஃபோர்ட்ஷயரிலோ உழவு மாட்டின் கொம்பில் கேக்கையே மாட்டிவிடுவார்கள்.

கேள்வி: சசெக்ஸிலும் மரத்துக்குப் பாடுவது உண்டா?

பதில்: உண்டு. அங்கே மரங்களுக்கு 'ஊளையிடுவது' என்றே பெயர்.

கேள்வி: கிண்ணத்தில் என்ன இருக்கும்?

பதில்: பழைய முறையில் சூடான ஏல் பீர், சர்க்கரை, ஜாதிக்காய், இஞ்சி, சுட்டு வெடித்த ஆப்பிள். ஆப்பிள் சதை வெள்ளையாக நுரைத்து மிதப்பதால் ஆட்டுக்குட்டிக் கம்பளி என்பார்கள். சைடர் ஊர்களில் சைடர்தான்.

கேள்வி: வீடு வீடாகப் போகும் வழக்கம் இன்னும் இருக்கிறதா?

பதில்: கார்ன்வாலின் பாட்மினில் இருக்கிறது. 1624-இல் நிக்கோலஸ் ஸ்ப்ரே என்பவர் வாசெயில் கிண்ணத்துக்கென்று உயிலில் 13 ஷில்லிங் 4 பென்ஸ் எழுதிவைத்தார். இன்றும் அங்கே ஜனவரி 6 அன்று உயரத் தொப்பியும் கோட்டுமாகப் பாடகர்கள் கிளம்பிவிடுகிறார்கள்.