டயப்பர் புண்ணை மதிப்பிடும் கருவியை எங்கள் வார்டில் சோதிக்கச் சொல்கிறார்கள். கண்ணால் பார்த்தாலே தெரியாதா? இது எதற்கு?

தெரியாது. பல வருடம் வார்டில் நின்றுவிட்டுத்தான் சொல்கிறேன்.

நீங்கள் புதிதாகச் சேர்ந்த நர்ஸ் என்று நினைக்கிறேன். இன்சார்ஜ் சிஸ்டர் படிவத்தைக் கையில் கொடுத்து, இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து எழுதச் சொல்லியிருப்பார். நம்மைத்தான் சோதிக்கிறார்களோ என்று உள்ளுக்குள் பயம் இருக்கும். சோதனை அந்தக் கருவிக்கு, உங்களுக்கு அல்ல.

நாங்கள் பயன்படுத்தியது குளோபியாட் என்ற படிவம், பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் உருவானது. சிறுநீரும் மலமும் பட்டுத் தோல் சிவந்து மட்டும் இருந்தால் 1, உரிந்திருந்தால் 2. தொற்று அறிகுறி இல்லையென்றால் ஏ, இருந்தால் பி. 30 நாடுகளைச் சேர்ந்த 823 மருத்துவப் பணியாளர்களிடம் புகைப்படங்களைக் காட்டி இதைச் சோதித்திருக்கிறார்கள். 1-ஆ 2-ஆ என்பதில் கப்பா என்ற ஒற்றுமை அளவு 0.65. நான்கு பிரிவையும் சேர்த்தால் 0.41 தான். தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு மீதி ஒற்றுமையைச் சொல்லும் கணக்கு அது. 1 வந்தால் எல்லோரும் ஒரே பதில். தோல் உரிந்திருக்கிறதா என்பதில் பெரும்பாலும் சேர்ந்து போகிறவர்கள், தொற்று என்று வந்ததும் பிரிந்துவிடுகிறார்கள்.

எங்கள் வார்டிலும் அதேதான். பக்கவாதம் வந்து படுக்கையில் இருந்த ஒரு அம்மா, கூடவே பேதி. நானும் டூட்டியில் இருந்த இன்னொரு சிஸ்டரும் ஒருவர் எழுதியதை ஒருவர் பார்க்காமல் எழுதினோம். அவர் 2ஏ, நான் 2பி. மறுபடி அந்த அம்மாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, டார்ச் அடித்து, இடுக்கை விரித்துப் பார்த்தோம். வெந்துபோன இடத்தின் ஓரத்தைத் தாண்டி, கடுகு சிதறினாற்போல் சின்னச் சின்னப் பருக்கள். பூஞ்சைத் தொற்று அப்படித்தான் தலைகாட்டும். மேலே அப்பியிருந்த களிம்புக்கு அடியில் அது மறைந்திருந்தது. அதன்பிறகு, களிம்பை மெதுவாகத் துடைத்து இடுக்கை விரித்துப் பார்க்காமல் யாரும் பிரிவு போடுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். படிவத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. இரண்டு பேர் மாறி எழுதியதால்தான் அது வெளியே வந்தது.

இன்னொன்று, சிவப்பு என்பது மாநிறத்திலும் கறுத்த தோலிலும் சிவப்பாகத் தெரியாது. கருத்தோ வெளுத்தோ ஊதாவாகவோ இருக்கலாம் என்று கருவியிலேயே குறித்திருக்கிறார்கள். பக்கத்துத் தோலோடு ஒப்பிட்டுப் பாருங்கள், சூடாக இருக்கிறதா என்று தொட்டும் பாருங்கள்.

அனுபவம் இருந்தால் போதும், படிவம் எதற்கு என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். நான் அனுபவத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் நல்ல அனுபவசாலிகளே டயப்பர் புண்ணையும் படுக்கைப் புண்ணையும் மாற்றி எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். படுக்கைப் புண் பெரும்பாலும் எலும்பு துருத்தும் இடத்தில், ஓரம் தெளிவாக இருக்கும். டயப்பர் புண் மடிப்புகளிலும் பிட்டத்திலும் ஓரம் கலங்கிப் பரவும். ஒன்றுக்கு அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். மற்றதற்கு ஈரத்தை உடனே துடைத்து, தோலைக் காக்கும் களிம்பு போட வேண்டும். மாற்றி எழுதினால் வைத்தியமே மாறிவிடும்.

அதோடு பழியும் வரும். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், பேதியால் வெந்த தோலைப் படுக்கைப் புண் என்று எழுதி, நோயாளியைத் திருப்பிப் போடவில்லை என்று நைட் டூட்டி பெண்ணிடம் விளக்கம் கேட்டார்கள். வார்டு முழுக்க அன்று இரவு அவள் ஒருத்திதான். ஆள் போடாதவர்களை யாரும் விளக்கம் கேட்கவில்லை. இப்போது நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எழுதி முடிக்கும்வரை இருவரும் பேசிக்கொள்ளாதீர்கள். மாறி வந்தால் சீனியர் எழுதியதைப் பார்த்துத் திருத்தாதீர்கள். அந்த வித்தியாசத்தைத்தான் அவர்கள் எண்ணப் போகிறார்கள்.