புகை மீன், மாசி, கருவாடு: காசிமேட்டு அக்கா பதில்கள்

கருவாட்டுக் கூடையோட 22 வருஷம், புகை போட ஆரம்பிச்சு 6 வருஷம். அதை வச்சுதான் பேசறேன், படிப்பை வச்சு இல்ல. இந்த வாரம் வந்த கேள்விங்கள்ல ஒரே மாதிரி இருந்ததைச் சேர்த்துட்டேன்.

கேள்வி (தண்டையார்பேட்டை): அக்கா, கையில் ஐம்பதாயிரம் இருக்கு. புகை மீன் போட்டு ஆன்லைன்ல விற்கலாம்னு யோசனை. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

தம்பி, வாங்குறவன் யாருன்னு முதல்ல பாரு. நம்ம ஏரியா ஜனங்களுக்கு நெத்திலி, வாளை, சுறா, சென்னாகுனி, இதுதான் பழக்கம். புகை போட்டதுன்னா அவங்க கேக்குறது மாசி ஒண்ணுதான், அதான் சூரையை வேகவச்சு, புகை போட்டு, கட்டையா காயவச்சது. இலங்கைத் தமிழருங்க சம்பலுக்குத் தேடி வருவாங்க. வடகிழக்கு மாநிலத்துப் பசங்க இங்க நிறைய வேலை செய்றாங்க, அவங்களுக்குப் புகை மீன் அம்மா வீட்டுச் சாப்பாடு மாதிரி. ஆனா அவங்க கேக்குறது ஆத்து மீன், நம்ம கடல் சூரை இல்ல.

அடுத்தது கணக்கு. சூரை 10 கிலோ எடுக்குற. தலை, குடல், முள்ளு போச்சு. வேகவச்சா தண்ணி போச்சு. புகையும் வெயிலும் சேர்ந்து மிச்சத் தண்ணியையும் எடுத்துரும். கடைசியில தராசுல நிக்கிறது 2 கிலோ, மீன் நல்லா இருந்தா இன்னும் கொஞ்சம். ஏலத்துல கிலோ 120 ரூபாய்னு வச்சுக்கோ, மாசி கிலோவுக்கு மீன் காசே 600. விறகு, உப்பு, ஐஸ், உன் கூலி எல்லாம் அதுக்கு மேல. "மீன் விலையில ரெண்டு மடங்கு வச்சா லாபம்"னு இறங்கினவங்க எத்தனையோ பேரு, மூணாம் மாசம் ஆளைக் காணோம். உன் ஐம்பதாயிரத்துல முக்கால் பங்கு கருவாட்டுல போடு, கால் பங்குல புகை போட்டுக் கத்துக்கோ.

கேள்வி (எர்ணாவூர்): மாசி செய்முறையைச் சொல்லுங்க. போன தடவை நான் போட்டது சாப்பிட்டு ரெண்டு பேருக்கு உடம்பெல்லாம் தடிப்பு, முகம் சிவந்துபோச்சு. புகை சரியா போடலையா?

தப்பு புகையில இல்லம்மா, ஐஸுல. சூரை, கானாங்கெளுத்தி மாதிரி மீன் சூட்டுல கிடந்தா உள்ள ஹிஸ்டமின்னு ஒண்ணு உருவாகும். அதுக்கப்புறம் வேகவை, புகை போடு, மாசக்கணக்கா காயவை, அது போகவே போகாது. நாத்தமும் வராது, பாத்தா தெரியாது. வாயில வச்சா சுருக்குன்னு குத்துற மாதிரி இருக்கும்னு சொல்லுவாங்க, ஆனா அதை நம்பி இருக்காத. ஏலம் முடிஞ்சதும் ஐஸ் பெட்டியில போடு, டீ குடிச்சுட்டு வந்து போடலாம்னு நினைக்காத.

செய்முறை: நாலு பாளமா வகுந்து, உப்புத் தண்ணியில வேகவை. முள்ளு தானா கழண்டு வரணும். ஆறவிட்டுத் தட்டியில அடுக்கி, தேங்காய் மட்டைப் புகை. பகல்ல வெயில், சாயங்காலம் திரும்பப் புகைன்னு மாத்தி மாத்தி. ரெண்டு துண்டை ஒண்ணோட ஒண்ணு தட்டினா கட்டை சத்தம் வரணும். 'தொப்'புன்னு கேட்டா இன்னும் ரெண்டு நாள். லட்சத்தீவு மினிக்காய்க்காரங்க காலங்காலமா இப்படித்தான் செய்றாங்க.

கேள்வி (ராயபுரம்): ஹார்பர் பக்கம் பெட்டிக் கட்டை சும்மா கிடைக்குது. எரிக்கலாமா?

வேணாம். கப்பல்ல வர்ற கட்டைக்குப் பூச்சி அரிக்காம இருக்க மருந்து அடிச்சிருக்கலாம். எதுல அடிச்சாங்க, எதுல அடிக்கலன்னு நீ எப்படிக் கண்டுபிடிப்ப? பிளைவுட்டு, பெயிண்ட் அடிச்ச பழைய படகுப் பலகை, இதெல்லாமும் கிட்ட சேக்காத. மா, புளி, தேங்காய் மட்டை போதும்.

கேள்வி (பெரம்பூர்): கொஞ்சம் மெத்துன்னு புகை போட்டு, காத்து உறிஞ்சின பாக்கெட்டுல வச்சா மூணு மாசம் வெளியில தாங்கும்னு ஒரு வீடியோ சொல்லுது. உண்மையா?

இந்த ஒண்ணுக்குத்தான் எனக்குக் கோபம் வருது. மெத்துன்னு இருந்தா ஈரம் இருக்கு. காத்து இல்லாத இடத்துலதான் வளரும்னு ஒரு கிருமி இருக்கு, பேரு போட்டுலிசம் கிருமி, அது விடுற விஷம் ஆளையே கொல்லும். ஈரமான புகை மீனை ஐஸ்லயோ ஃபிரிட்ஜுலயோதான் வைக்கணும், சில நாள்ல வித்துடணும். வெளியில வச்சு விக்கணும்னா கட்டையா காயணும். புகை வாசனை ஏறினதாலயே அது கருவாடு ஆயிடாது.

கேள்வி (வியாசர்பாடி): கருவாட்டு மேல ரோஸ் கலர் படருது.

உப்புல இருந்து வர்றது. உப்புலயே வாழுற கிருமி அது. அழுக்கு உப்பு, ஒரு தடவை போட்ட உப்பையே திரும்பப் போடுறது, ரெண்டையும் நிறுத்து. தொட்டியைக் கழுவி வெயில்ல காயவை. ரோஸ் ஏறினதை விக்காத.

கேள்வி (கொருக்குப்பேட்டை): ஹவுசிங் போர்டு மொட்டை மாடியில புகை போடலாமா?

சண்டைக்கு ஆசை இருந்தா போடு.

கேள்வி (திருவொற்றியூர்): எந்த மாசம் சரக்கு பிடிச்சு வைக்கணும்?

ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. ஃபைபர் போட்டுல வர்ற மீன் மட்டும்தான், விலை ஏறிடும். அதனால மாசி மாசமும் பங்குனி மாசமும் கருவாடு காயவச்சு வை, வெயிலும் நல்லா இருக்கும். தடைக்காலத்துல விற்பனை ஒரு ஓட்டம் ஓடும். அது முடிஞ்ச கையோட ஆடி வந்துரும். நம்ம வடசென்னையில தெருவுக்குத் தெரு அம்மனுக்குக் கூழ் ஊத்துவாங்க, கூழுன்னா கருவாட்டுக் குழம்பு. அந்த ஒரு மாசத்துக்கு நெத்திலியும் வாளையும் கையில இல்லாதவங்க கடை திறக்கவே வேணாம். புரட்டாசியில ஈ ஓட்டலாம். ஐப்பசி, கார்த்திகை மழை, காயவைக்க முடியாது, மாலை போட்டவங்க வேற வாங்க மாட்டாங்க.

மழைன்னதும் என் கதை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலப்போ எட்டு மூட்டையைத் தரையில வச்சிருந்தேன். ராத்திரி தண்ணி புகுந்து மொத்தமும் போச்சு. அதோட எண்ணூர் ஆத்துல எண்ணெய் கலந்துச்சு, அப்புறம் பல மாசம் "எந்த ஊரு மீனு?"ன்னு கேக்காம யாரும் பாக்கெட்டைத் தொடல. இப்ப மூட்டையெல்லாம் இடுப்பு உயர மேடையில, எந்த மூட்டை எந்த ஏலத்துல எடுத்ததுன்னு நோட்டுலயும் எழுதி வைக்கிறேன்.

கேள்வி (மணலி): லைசென்ஸ் உண்டா? பயிற்சி எங்க கிடைக்கும்?

சின்ன வியாபாரத்துக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு, அதான் மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையத்துல பதியுறது. 14 இலக்க எண் வரும், அதைப் பாக்கெட்டு மேல போடணும். தேதி, எடை, அசைவத்துக்குப் பழுப்பு முக்கோணம் மறக்காத. பயிற்சிக்குப் பொன்னேரி மீன்வளக் கல்லூரியில போய்க் கேளு.

கேள்வி (புதுவண்ணாரப்பேட்டை): ஈ தாங்க முடியல. எறும்புப் பொடி தூவுனா நிக்கும்கிறாங்களே?

தின்னுறவன் வயித்துக்குள்ள போகுமே கண்ணு! முதல் நாள் ஈரம் இருக்கறப்பதான் ஈ முட்டை வைக்கும். கொசு வலை மூடி, மணல்ல போடாம தட்டி மேல போடு. காஞ்சதுக்கப்புறம் வர்றது வண்டு, அதுக்கு மூடி போட்ட டப்பா.

கேள்வி (அதே தண்டையார்பேட்டை தம்பி): கடன் கேட்டா கொடுக்கலாமாக்கா?

மெஸ்காரங்களுக்குக் கொடுக்காத, ரெண்டு பேரு கிட்ட இன்னும் அலையறேன். கூழுக்கு வாங்குற தெரு ஆளுங்களுக்குக் கொடு. அம்மன் கணக்குல இதுவரைக்கும் எனக்கு ஒத்த ரூபா நின்னதில்ல.