வீடு கைமாறும்போது அட்வான்ஸ் யார் பொறுப்பு?

கேள்வி: தமிழ்நாட்டில் ஒரே வீட்டில் 12 வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். வாடகை 14,000 ரூபாய். "விற்றால் உங்களுக்குத்தான்" என்று பலமுறை சொன்ன வீட்டுக்காரர், இப்போது வேறொருவருக்கு விற்கப்போகிறார். புரோக்கர் ஆட்களைக் கூட்டிவந்து சமையலறை வரை காட்டுகிறார். ஒரு மாதத்தில் காலி செய்யச் சொல்கிறார்கள். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். சமையல் மேடை, மோட்டார் என்று 90,000 ரூபாய் வரை எங்கள் கைக்காசு போட்டிருக்கிறோம். கடைசியாக அக்ரிமென்ட் போட்டது 2018-இல். அதில் அட்வான்ஸ் ஒரு லட்சம் என்று இருக்கிறது. பிறகு வாடகை ஏற்றியபோது 40,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்தோம். விற்பனைக்கு ஸ்டே வாங்க முடியுமா? வாடகையை நிறுத்தி அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாமா?

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது அம்மா. ஆனால் நீங்கள் எழுதியதில் வழக்கை முடிவு செய்யப்போவது ஒரே ஒரு வரி. கடைசி அக்ரிமென்ட் 2018-இல் போட்டது. மற்றதை எல்லாம் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

ஸ்டே கிடைக்காது. வீடு அவருடையது, விற்பது அவர் உரிமை. வாடகைதாரருக்குத்தான் முதலில் விற்க வேண்டும் என்று இங்கே சட்டம் இல்லை. வாய்வார்த்தையாகச் சொன்னதை வைத்து விற்பனையை நிறுத்த முடியாது. 1921-ஆம் வருட குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தை யாராவது சொல்லியிருப்பார்கள். அது அடுத்தவர் மனையில் தன் செலவில் கட்டடம் கட்டிக்கொண்டவர்களுக்கு. சமையல் மேடை போட்டவர்களுக்கு உதவாது. அந்த 90,000 ரூபாயும், திருப்பித் தருவதாக எழுதி வாங்கியிருந்தால் ஒழிய, வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அதே சமயம் அவர்கள் சொல்லும் ஒரு மாதக் கெடுவுக்கும் பயப்பட வேண்டாம். வீட்டை விற்றுவிட்டதாலேயே குடியிருப்பவரை வெளியேற்ற முடியாது. வாங்குகிறவர் வீட்டுக்காரரின் இடத்துக்கு வருகிறார், அவ்வளவுதான். உங்களைக் காலி செய்யவைக்க அவரும் வாடகை நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். நடுவில் கரண்டைத் துண்டிப்பது, தண்ணீரை நிறுத்துவது எல்லாம் சட்டவிரோதம்.

சரி, அவர் நீதிமன்றம் போனால் என்ன ஆகும்? 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கும் வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். அதற்கு முன்பே குடியிருந்தவர்களும் கொடுத்த அவகாசத்துக்குள் ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும். அப்படிப் போடாததே காலி செய்யச் சொல்வதற்கு ஒரு காரணம் என்று 21-ஆவது பிரிவு சொல்கிறது. "12 வருடமாக இருக்கிறோம்" என்பதை நீங்கள் பலமாக நினைக்கிறீர்கள். நீதிபதி கேட்கப்போவது அதில் எத்தனை வருடத்துக்குப் பத்திரம் இருக்கிறது என்பதைத்தான். ஒப்பந்தம் முடிந்த பிறகும் காலி செய்யாமல் இருந்தால் இரட்டிப்பு வாடகை கேட்கவும் சட்டம் இடம் தருகிறது. ஆக, நீங்கள் நேரம் வாங்கலாம். வழக்கில் ஜெயிப்பது கஷ்டம்.

இனி, நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு வருகிறேன். வாடகையை நிறுத்தாதீர்கள். இந்த ஒரு விஷயத்தில்தான் நல்ல குடும்பங்கள் வந்து விழுந்ததை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஓய்வுபெற்ற ஒருவர் என்னிடம் வந்தபோது பத்து மாத வாடகை கட்டாமல் இருந்தார். "அட்வான்ஸ் அவரிடம்தானே இருக்கிறது, கழித்துக்கொள்ளட்டும்" என்றார். அதற்குள் வீடு கைமாறியிருந்தது. புது உரிமையாளர் வாடகை பாக்கி என்று மனுப் போட்டார். அட்வான்ஸில் கழியுங்கள் என்றதற்கு, "அந்தப் பணம் என் கைக்கு வரவே இல்லை" என்றார். பழைய உரிமையாளர் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். என் கட்சிக்காரர் கடன் வாங்கி பாக்கியைக் கட்டினார். வீடும் போனது. அட்வான்ஸுக்குத் தனியாக ஒரு வழக்கு.

ஒழுங்காக வாடகை கட்டுகிறவர் என்ற பெயர்தான் இப்போது உங்களுக்கு மிச்சமிருக்கும் ஒரே பாதுகாப்பு. வாடகையை வங்கி வழியாக மட்டும் அனுப்புங்கள். வாங்க மறுத்தால் அப்படியே விட்டுவிடாமல் மணியார்டர் அனுப்பி, அதையும் வாங்காவிட்டால் வாடகை அதிகாரியிடம் செலுத்துங்கள். வீடு விற்றது தெரியாமல் பழையவருக்குக் கட்டிய வாடகையை மறுபடி கேட்க முடியாது. ஆனால் புதியவரிடமிருந்து நோட்டீஸ் வந்த பிறகும் பழைய கணக்குக்கே பணம் போய்க்கொண்டிருந்தால் இரண்டு முறை கட்ட வேண்டி வரும். மாதாமாதம் தானாகப் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுத்துவிட்டு மறந்துபோனவர்களுக்கு இது நடந்திருக்கிறது.

அப்புறம் வாட்ஸ்அப். "சரி சார், ஏப்ரலில் காலி செய்துவிடுகிறோம்" என்று மரியாதைக்கு ஒரு வரி அனுப்பிவிடாதீர்கள். வாடகைதாரர் காலி செய்வதாக எழுதிக் கொடுத்து, அதை நம்பி உரிமையாளர் விற்பனை ஒப்பந்தம் போட்டுவிட்டால், அதுவே வெளியேற்றுவதற்குத் தனிக் காரணம். கிரயப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்து போடக் கூப்பிட்டாலும் போகாதீர்கள். பெரும்பாலான பத்திரங்களில் "சொத்தின் காலி சுவாதீனத்தை இன்று ஒப்படைத்துவிட்டேன்" என்று, அதாவது யாரும் குடியில்லாத வீடாகக் கொடுத்துவிட்டதாக, ஒரு வரி இருக்கும். நீங்கள் உள்ளே குடியிருக்கிறீர்கள், கீழே உங்கள் கையெழுத்து இருக்கிறது. நாளைக்கு அதைத்தான் உங்கள் முன் நீட்டுவார்கள்.

அட்வான்ஸைப் பொறுத்தவரை, வீட்டை விற்றதால் மட்டும் பழைய உரிமையாளரின் பொறுப்பு தீர்ந்துவிடாது. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 109-ஆவது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் இனிமேல் புதியவர்தான் எனக்குப் பொறுப்பு என்று வாடகைதாரரே ஏற்றுக்கொண்டால் பழையவர் தப்பித்துவிடுவார். கோபத்தில் புதியவருக்கு மட்டும் நோட்டீஸ் அனுப்புகிறவர்கள் இதைத்தான் தங்களுக்கே செய்துகொள்கிறார்கள். எது எழுதினாலும் இருவர் பெயருக்கும் எழுதுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு என் யோசனை, சமரசமாகப் போய்விடுங்கள் என்பதுதான். ஆனால் இப்போதே. கிரயம் பதிவாகும் நாள் வரைதான் உங்கள் பேச்சுக்கு மதிப்பு. வாங்குகிறவர் காலி வீட்டைக் கேட்கிறார், விற்கிறவர் மீதிப் பணத்துக்குக் காத்திருக்கிறார். இரண்டுமே உங்கள் கையெழுத்தில் நிற்கிறது. பத்திரம் பதிவாகி, பணம் கைமாறிவிட்டால் பழையவர் உங்களோடு உட்கார்ந்து பேச வேண்டிய அவசியமே இல்லை.

மகளின் பொதுத்தேர்வு முடிந்து ஒரு மாதம் வரை அவகாசம் கேளுங்கள். மூன்று பேரும் கையெழுத்திட்டு ஒரு பத்திரம் போடுங்கள். அதுவரை வாடகை யாருக்கு, அட்வான்ஸ் 1,40,000 ரூபாயை யார் தருகிறார், எந்தத் தேதியில் என்று மூன்றும் அதில் இருக்க வேண்டும். விற்பனைத் தொகையில் அவ்வளவையும் வாங்குகிறவர் பிடித்துவைத்து, நீங்கள் சாவி கொடுக்கும்போது டிடியாகக் கொடுப்பதுதான் நான் பார்த்ததில் தகராறு வராத வழி. சட்டப்படி காலி செய்து ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் தர வேண்டும் என்று இருக்கிறது. அந்த ஒரு மாதத்தை நம்பிச் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள்.

இதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அந்த 40,000 ரூபாய்க்கு உங்களிடம் துண்டுச்சீட்டுகூட இல்லை. வீட்டுக்காரரோடு முகம் முறியாமல் இருக்கும்போதே அதை எழுத்தில் கொண்டுவர வேண்டும். "சார், அக்ரிமென்டில் உள்ள ஒரு லட்சமும் வாடகை ஏற்றியபோது கொடுத்த நாற்பதாயிரமும் சேர்த்து 1,40,000 உங்களிடம் இருக்கிறது, காலி செய்யும்போது எப்படித் தருவீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். தேதி எதுவும் எழுத வேண்டாம், சண்டையும் வேண்டாம். அவர் "பார்க்கலாம்மா" என்று பதில் போட்டாலே, அந்தத் தொகையை அவர் மறுக்கவில்லை என்று காட்ட ஒரு பிடி கிடைத்துவிடும். இன்று ராத்திரியே அனுப்பிவிடுங்கள்.