மலச்சிக்கலுக்கும் கைநடுக்கத்துக்கும் என்ன சம்பந்தம்?

காரைக்குடியில் உங்கள் அப்பத்தாவுக்குப் பார்க்கின்சன் நோய் (கைநடுக்கம் வரும் நரம்பு நோய்) என்று சொன்ன மருத்துவர், "மலச்சிக்கல் எத்தனை வருடமாக?" என்று ஏன் விசாரித்தார் எனக் கேட்டிருக்கிறீர்கள். அவர் விசாரித்தது சரிதான்.

என் அப்பத்தாவுக்கும் இதே கதை. கொட்டான் முடையும்போது விரல் பிசகாது. ஓலையை வைத்துவிட்டு வளவில் சும்மா உட்கார்ந்தால் வலது கை மட்டும் நடுங்கும். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, இரவில் கடுக்காய்ப் பொடி இல்லாமல் அவருக்குப் பொழுது விடியாது.

இந்த நோயில் ஆல்ஃபா-சைனூக்ளின் என்ற புரதம் தவறாக மடிந்து நரம்பணுக்களில் திரளுகிறது. சிலருக்கு அது குடல் நரம்புகளில் தொடங்கி, குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பு வழியே மூளைக்கு ஏறலாம் என்று 2003-இல் ஜெர்மனியின் ஹைகோ பிராக் குழுவினர் கருதினார்கள். 2016-இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில், இப்புரதம் மிகையாக உருவாகும் எலிகளைச் சோதித்தார்கள். கிருமியே இல்லாமல் வளர்ந்தவற்றுக்குத் தடுமாற்றம் குறைவு. நோயாளிகளின் குடல் பாக்டீரியாவைச் செலுத்தியவை, நலமாக உள்ளவர்களின் பாக்டீரியாவைப் பெற்றவற்றைவிட அதிகம் தடுமாறின. எலிக்கு நடந்தது மனிதருக்கும் நடக்கும் என்று அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

எனக்கு இன்னும் வியப்பானது மாத்திரை விஷயம். இந்நோய்க்குத் தரும் லெவோடோபா மாத்திரை, மூளைக்குள் போய்த்தான் அங்கே குறைந்துபோன டோபமின் என்ற வேதிப்பொருளாக மாற வேண்டும். என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்ற குடல் பாக்டீரியா, லெவோடோபா மூளையை எட்டுமுன்பே அதை டோபமினாக மாற்றிவிடக்கூடியது. மருந்தின் பலன் ஆளுக்கு ஆள் வேறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மலச்சிக்கல் உள்ள எல்லோருக்கும் பார்க்கின்சன் வராது. பழைய சோறு நடுக்கத்தைத் தீர்க்கும் என்று யாராவது சொன்னால், ருசிக்காகச் சாப்பிடுங்கள். மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.