புள்ளிகள் குறைந்தால் ஆட்டமும் குறைந்துவிட்டதா?

கேள்வி: என் மகள் சென்னைக் கல்லூரி ஒன்றில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். கல்லூரிக் கூடைப்பந்து அணியில், கூடையில் எறிவதை முதன்மை வேலையாகக் கொண்ட ஷூட்டிங் கார்டாக ஆடிவந்த அவளை, சென்ற பருவத்தின் நடுவில் பயிற்சியாளர், பந்தைக் கொண்டுசென்று ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டாக மாற்றினார். அன்று முதல் அவள் எடுக்கும் புள்ளிகள் குறைந்துவிட்டன. எதிரணியிடம் பந்தை இழப்பதும் கூடிவிட்டது. உயரமும் ஐந்தடி மூன்று அங்குலம்தான். கோடை முழுவதும் கடுமையாகப் பயிற்சி செய்திருக்கிறாள். இந்த ஆட்டத்தை ஆடிப் பழக்கமில்லாத நான், புதிய பருவம் தொடங்கும்போது அவள் வளர்ந்திருக்கிறாளா என்பதை எதைக் கொண்டு அறிவது?
— வாசகர், அம்பத்தூர்

பதில்: உங்கள் மகளின் பொறுப்பே மாறியிருக்கும்போது, பழைய பொறுப்பின் கணக்கை வைத்துப் புதியதை அளந்தால் விடை தவறாகத்தான் வரும். இதற்கு அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் நல்ல சான்று ஒன்று உண்டு. டேவிட்சன் கல்லூரியில் ஆடிய ஸ்டீஃபன் கரி, 2007–08 பருவத்தில் மூன்று புள்ளி எறிதல்களில் 43.9 விழுக்காட்டைக் கூடையில் சேர்த்தார். அப்போது பந்தைக் கொண்டுசென்று ஆட்டத்தை நடத்தியவர் ஜேசன் ரிச்சர்ட்ஸ். அவர் படிப்பை முடித்து வெளியேறியதும் அந்தப் பொறுப்பு கரியிடம் வந்தது. 2008–09இல் அவருடைய மூன்று புள்ளி விழுக்காடு 38.7 ஆக இறங்கியது, பந்தை இழப்பதும் அதிகரித்தது. ஆனால் அசிஸ்ட், அதாவது அணியினர் கூடையில் போட வழிவகுத்த பாஸ், ஆட்டத்துக்கு 2.9இலிருந்து 5.6 ஆக உயர்ந்தது, சராசரி 28.6 புள்ளிகளுடன் நாட்டிலேயே முதலிடமும் அவருக்குக் கிடைத்தது. விழுக்காட்டையும் டர்ன்ஓவரையும் (பந்தை எதிரணியிடம் இழப்பது) மட்டும் பார்த்தவருக்கு அது சரிவாகத் தெரிந்திருக்கும். ஆனால் அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏவின் அணியில் பாயிண்ட் கார்டாக நிற்பதற்கான தகுதியை அவர் அந்த ஆண்டில்தான் பெற்றார் என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே முதலில் டர்ன்ஓவரைப் பாருங்கள், எண்ணிக்கையோடு நின்றுவிடாமல் வகை பிரித்துப் பாருங்கள். ஒரு நோட்டில், அவள் பந்தை இழக்கும் ஒவ்வொரு முறையும் எப்படி இழந்தாள் என்று ஒரு வரி எழுதுங்கள். எதிரணி மைதானம் முழுவதும் பிரஸ் செய்யும்போது, அதாவது நெருக்கித் தடுக்கும்போது, டிரிபிள் செய்கையிலேயே (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு செல்கையிலேயே) பந்தைப் பறிகொடுப்பது ஒரு வகை. கூடையை நோக்கி ஓடிவருவாள் என எதிர்பார்த்துத் தோழிக்கு அனுப்பிய பாஸ், அவள் ஓடாமல் நின்றுவிட்டதால் வீணாவது இன்னொரு வகை. முன்னது கைப்பழக்கத்தின் குறை. அதுவும் எப்போதும் இடக்கைப் பக்கமே நடக்கிறது என்றால், எதிரணிகள் அவளை வேண்டுமென்றே அந்தப் பக்கம் தள்ளுகிறார்கள் என்று பொருள், பருவம் தொடங்குமுன் அதைச் சரிசெய்தே ஆக வேண்டும். பின்னது, அவள் கண் ஆட்டத்தைப் படிக்கத் தொடங்கிவிட்டதைக் காட்டுகிறது. அணியினர் சேர்ந்து ஆடி ஒருவரையொருவர் அறிய அறிய அது குறையும். மொத்த எண்ணிக்கை மாறாமலிருந்து, முதல் வகை குறைந்து இரண்டாம் வகை கூடியிருந்தால், அதை நான் வளர்ச்சி என்றே சொல்வேன்.

அடுத்து நேரம். பந்தை எட்டு விநாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்டச் செய்ய வேண்டும். மொத்தத் தாக்குதலுக்கு 24 விநாடி. ஏழாவது விநாடியில் தட்டுத்தடுமாறிக் கோட்டைத் தாண்டும் கார்டு, அணிக்கு மீதமுள்ள நேரத்தையும் பதற்றத்தோடுதான் ஒப்படைக்கிறாள். நான்கைந்து விநாடியில், பந்தைக் குனிந்து பார்க்காமல், தலையை நிமிர்த்தியபடி தாண்டுகிறாளா என்பதை ஆட்டம் தெரியாதவரும் கேலரியிலிருந்து கண்டுகொள்ளலாம். தோழி ஸ்கிரீன் போட்டுத் தந்ததும் (தடுப்பாளரின் வழியை மறித்து நின்றதும்) தடுப்பாளர்கள் இருவரும் தன் மேல் பாய்ந்தால், அவசரத்தில் எறிந்துவிடுகிறாளா அல்லது ஒரு கணம் பொறுத்து, ஆளில்லாமல் நிற்கும் தோழியைத் தேடிப் பாஸ் கொடுக்கிறாளா என்பதையும் கவனியுங்கள். சென்ற ஆண்டின் காணொளிகள் கைபேசியில் இருந்தால் இந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது எளிது.

எறிதலைப் பொறுத்தவரை, சிறிய எண்களை நம்பி மகிழவோ வருந்தவோ வேண்டாம். 40 மூன்று புள்ளி எறிதல்களில் 10 விழுவதற்கும் 14 விழுவதற்கும் உள்ள இடைவெளி வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். கல்லூரிப் பருவம் ஒன்றில் அதற்கு மேல் எறிய வாய்ப்புக் கிடைப்பதும் அரிது. யாரும் தடுக்காமல், ஒரே தொலைவிலிருந்து எறியும் ஃப்ரீ த்ரோ, கை பக்குவப்பட்டிருப்பதை இன்னும் நம்பகமாகச் சொல்லும். மேலும், முன்பு மற்றவர் தந்த பந்தை வாங்கி நின்று எறிந்தவள், இப்போது தானே டிரிபிள் செய்து வந்து எறிகிறாள்; இது கடினமான எறிதல் என்பதால் விழுக்காடு சற்றுக் குறைவது இயல்பே.

உயரம் குறித்துக் கவலைப்படாதீர்கள். அதே ஐந்தடி மூன்று அங்குல உயரத்தில் மக்ஸி போக்ஸ், ஆடவர் ஆட்டமான என்பிஏவில் 14 பருவங்கள் ஆடினார். தாழ்ந்து நின்று, எதிராளியின் டிரிபிளுக்கு மிக அருகில் கையைக் கொண்டுசெல்வது குள்ளமான கார்டுக்கு உள்ள வசதி. அதைப் பயன்படுத்துகையில் தேவையற்ற ஃபவுல் வாங்காமல் இருக்கிறாளா என்பதை மட்டும் பாருங்கள். ஐந்தாவது ஃபவுலோடு வெளியேறிவிட வேண்டும்.

கோடைப் பயிற்சியின் பலனைத் தனியே எறிந்து பழகும் நேரத்தில் அளக்க முடியாது. நம் ஊரில் பெரும்பாலும் திறந்தவெளி சிமென்ட் தரையில்தான் பழகுகிறார்கள். வெயிலுக்கு அஞ்சி விடிகாலையில், யாரும் நெருக்காமல் எறியும் பந்து அழகாகவே விழும். நட்பு ஆட்டங்களுக்குப் போய், நான்காவது கால்பகுதியில், களைத்த பிறகு அவள் எடுக்கும் முடிவுகளைப் பாருங்கள். குதித்து இறங்கும்போது முழங்கால்கள் உள்நோக்கி மடிகின்றனவா என்பதையும் தவறாமல் கவனியுங்கள். முழங்கால் தசைநார்க் காயம் ஆடவரைவிடப் பெண் வீராங்கனைகளுக்கு அதிகம் நேர்கிறது. அப்படி மடிந்தால் உடனே இயன்முறை சிகிச்சையாளரிடம் (பிசியோதெரபிஸ்ட்) காட்டுவது நல்லது.

பல்கலைக்கழக அணித் தேர்வின் முடிவை வளர்ச்சிக்கு அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். தேர்வாளர்கள் பார்ப்பது சில ஆட்டங்களைத்தான். அதைவிட, பயிற்சியாளரைத் தனியே சந்தித்து, ஆட்டம் சம நிலையில் இருக்கும் கடைசி இரண்டு நிமிடத்தில் பந்தை யாரிடம் கொடுக்க எண்ணியிருக்கிறார் என்று கேளுங்கள். உங்கள் மகளிடம் என்றால் மேற்கொண்டு கேட்க ஒன்றுமில்லை. வேறொருவரிடம் என்றால், அவளுக்கு இன்னும் எது கூடிவர வேண்டும் என்று கேட்டு, அதை நோட்டின் முதல் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.