கடைசி நாள்களும் கையிருப்பும்: நாய் வளர்ப்போர் கேள்விகள், கால்நடை மருத்துவர் பதில்கள்

நோய் குணமாகாது என்று தெரிந்த பிறகு வரும் செலவுகளைப் பற்றிய கேள்விகள் இவை. தொகைகளை எழுதவில்லை, ஊருக்கு ஊர், ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும். பணம் எங்கே வீணாகக் கரைகிறது என்பது மட்டும் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

கே (அம்பத்தூர்): லாப்ரடார், 12 வயது, 31 கிலோ. திடீரென்று சுருண்டு விழுந்தான், ஈறு வெளுத்துப்போனது. ஸ்கேனில் மண்ணீரலில் கட்டி, வயிற்றுக்குள் ரத்தம். உடனே ஆபரேஷன் என்கிறார்கள். சொன்ன தொகை என் மூன்று மாதச் சம்பளம். கடன் வாங்கியாவது செய்யட்டுமா டாக்டர்?

ப: கடனுக்கு முன்னால் நெஞ்சு எக்ஸ்ரே எடுங்கள். இரண்டு பக்கமும் படுக்க வைத்து, மல்லாத்தி ஒன்று, ஆக மூன்று படம். நுரையீரலில் பரவல் தெரிந்தால் கத்தி வைக்க வேண்டாம், கடனும் வேண்டாம்.

படம் சுத்தமாக இருந்தால்தான் யோசனையே ஆரம்பம். மண்ணீரல் கட்டிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு புற்று. அந்தப் புற்றுகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஹீமாஞ்சியோசார்கோமா என்கிற ரத்தக்குழாய்ப் புற்று. உள்ளே ஏற்கெனவே ரத்தம் கசிந்திருப்பதால் அந்த வாய்ப்பு இன்னும் கூடுகிறது. அதுவாக இருந்து மண்ணீரலை மட்டும் எடுத்தால் பெரும்பாலான நாய்களுக்குக் கிடைப்பது ஒன்றிலிருந்து மூன்று மாதம். கீமோவும் சேர்ந்தால் நான்கிலிருந்து ஆறு. வெறும் ரத்தக்கட்டி என்றால் ஆபரேஷனோடு விஷயம் முடிந்தது, பையன் வயசாகித்தான் போவான். எது என்று ஸ்கேன் சொல்லாது. எடுத்த பிறகு பயாப்சிதான் சொல்லும். தெரியாமலேயே முடிவெடுக்கிறீர்கள் என்பதைத் தெரிந்துகொண்டு எடுங்கள்.

டாக்டரிடம் பேச்சை ஆரம்பிக்கும்போதே உங்கள் தொகையைச் சொல்லிவிடுங்கள்: "என்னால் இவ்வளவுதான் முடியும், இதற்குள் இவனுக்கு என்ன செய்யலாம்?" இதைக் கேட்க நம் ஆட்கள் கூச்சப்படுகிறார்கள். கேட்காவிட்டால் டாக்டர் முழு வைத்தியத்துக்குத்தான் எஸ்டிமேட் போடுவார். அந்த எஸ்டிமேட்டில் ரத்தம் ஏற்றுவது, ஆபரேஷனுக்குப் பின் தங்கும் நாள்கள், பயாப்சி மூன்றும் அடக்கமா என்று பாருங்கள். பில் இரண்டு மடங்காவது இந்த மூன்றில்தான்.

ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவானால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். கசிவு தானாக நின்று, வயிற்றிலிருக்கும் ரத்தத்தை உடம்பு திரும்ப உறிஞ்சிக்கொண்டு, இரண்டு நாளில் எழுந்து வாலாட்டுவான். குணமாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த கசிவு வரும், நடுராத்திரியிலும் வரும். அன்றைக்கு யாரைக் கூப்பிடுவது என்று இன்றைக்கே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

கே (திருச்சி): நாட்டு நாய்க் கலப்பு, 11 வயது, 10 கிலோ. கிரியாட்டினின் 7.8. தினமும் ஆட்டோ வைத்து க்ளினிக் போய் குளுக்கோஸ் ஏற்றுகிறோம். பத்து நாளாகிவிட்டது, தாங்கவில்லை. வீட்டில் ஏற்ற முடியுமா?

ப: கிரியாட்டினின் ஏறினால் கிட்னி சரியாக வடிகட்டவில்லை என்று அர்த்தம். முதலில் இது கிட்னியின் திடீர்ச் செயலிழப்பா, நாள்பட்டதா என்று டாக்டரிடம் கேட்டீர்களா? மழைக்காலத்தில் எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் வரும் லெப்டோ காய்ச்சலாக இருந்தால் ரத்தக்குழாயில் டிரிப்ஸும் ஆன்டிபயாட்டிக்கும் போட்டு மீட்கலாம். அங்கே செலவு செய்வதில் அர்த்தம் உண்டு. மாதக்கணக்கில் இளைத்து, தண்ணீர் அதிகம் குடித்து, ஸ்கேனில் கிட்னி சுருங்கியிருந்தால் நாள்பட்டது. கிரியாட்டினின் 5-ஐத் தாண்டினால் அது நான்காம் நிலை, அதாவது கடைசி நிலை. பத்து நாள் டிரிப்ஸுக்குப் பிறகும் 7.8 என்றால், தினமும் ரத்தம் எடுத்து அந்த எண்ணைத் துரத்துவதை நிறுத்துங்கள். இனி பார்க்க வேண்டியது வாந்தியும் பசியும்தான்.

வீட்டில் தோலுக்கடியில் ஏற்றலாம். ஒருமுறை டாக்டர் முன்னிலையில் நீங்களே செய்து காட்டிவிட்டு ஆரம்பியுங்கள். ரிங்கர் லாக்டேட் என்கிற உப்புக் கரைசல் 500 மில்லி பாட்டில், ஐ.வி. செட், 18 அல்லது 20 நம்பர் ஊசி. 10 கிலோவுக்கு ஒரு வேளை 100 முதல் 200 மில்லி. உங்கள் நாய்க்கு எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை டாக்டர் சொல்ல வேண்டும். பாட்டிலை வெந்நீரில் வைத்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள், குளிர்ந்து போனால் துள்ளும். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் தோலைக் கூடாரம்போல் தூக்குங்கள், கூடாரத்தின் அடிவாசலில் ஊசி உள்ளே போகட்டும். மேல்தோல் நனைந்தால் ஊசி மறுபக்கம் துளைத்துக்கொண்டு வந்துவிட்டது என்று அர்த்தம். எலுமிச்சை அளவில் ஆரம்பித்து மாம்பழ அளவுக்கு வீங்கும். ராத்திரிக்குள் முன்காலுக்கு இறங்கி வடிந்துவிடும், பயப்பட வேண்டாம். மறுநாளும் வீக்கம் அப்படியே இருந்தால் அன்றைக்கு ஏற்றாதீர்கள், உடம்பு உறிஞ்சுவதை நிறுத்திவிட்டது. ஒவ்வொரு முறையும் புது ஊசி. பாட்டில் கலங்கினால் கொட்டிவிடுங்கள்.

டெக்ஸ்ட்ரோஸ் பாட்டிலைத் தோலுக்கடியில் ஏற்றாதீர்கள். "குளுக்கோஸ் கொடுங்க" என்று கடையில் கேட்டால் அதைத்தான் எடுத்துத் தருவார்கள். இதய நோய் உள்ள நாய்க்கு எந்தப் பாட்டிலும் வேண்டாம், நுரையீரலில் நீர் கோத்துவிடும்.

வாந்திக்கு ஒண்டான்செட்ரான் மாத்திரை மலிவு, டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். கிட்னி டயட் சாப்பாடு இந்தக் கட்டத்தில் வீண் செலவு. தயிர்சாதமோ இட்லியோ முட்டையோ, எதைத் தின்கிறதோ அதுதான் டயட். வெங்காயம், திராட்சை, சாக்லேட் மட்டும் கூடாது.

கே (மதுரை): நாய் மருந்துக் கடையில் விலை எகிறுது. மனுஷங்களுக்கான மருந்துக் கடையில வாங்கலாமா? வலிக்கு டோலோ கொடுத்தா என்ன?

ப: வாங்கலாம், சீட்டோடு. காபாபென்டின் (வலிக்கு), ஒண்டான்செட்ரான் (வாந்திக்கு), ஒமிப்ரசோல் (வயிற்று அமிலத்துக்கு), ஃப்யூரோசமைடு (நீர் பிரிய) இதெல்லாம் மனிதர் மருந்துதான். ஜன் ஔஷதி கடையில் கேளுங்கள், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் கேளுங்கள். டாக்டரிடம் "கம்பெனிப் பெயர் வேண்டாம், மருந்தின் பெயரை எழுதித் தாருங்கள்" என்று சொல்ல வேண்டியதுதான்.

தவறு நடப்பது இரண்டு இடத்தில். ஒன்று அளவு. வலி மருந்தான மெலாக்சிகாம் நாய்க்கு முதல் நாள் தவிர கிலோவுக்கு 0.1 மி.கி., நாளுக்கு ஒருமுறை. 10 கிலோ நாய்க்கு 1 மி.கி. மனிதர் மாத்திரையோ 7.5, 15 என்று வருகிறது. ஒரு 7.5 மாத்திரை முழுசாகக் கொடுத்தால் ஒரு வாரத்து மருந்தை ஒரே வேளையில் கொடுத்த கணக்கு. இரைப்பையில் புண், கறுத்த மலம், பிறகு கிட்னி. நாய்க்கான சொட்டு மருந்து 1.5 மி.கி./மில்லி, அதை வாங்குவதுதான் கடைசியில் மலிவு. கிட்னி கெட்ட நாய்க்கு மெலாக்சிகாமே கூடாது.

இரண்டாவது, கூட்டு மாத்திரை. காபாபென்டின் கேட்டால் அதோடு மெத்தில்கோபாலமினோ நார்ட்ரிப்டிலினோ சேர்ந்ததைத் தருவார்கள். மெலாக்சிகாமோடு பாரசிட்டமால் சேர்ந்ததும் உண்டு. அட்டையின் பின்பக்கம் ஒரே மருந்தின் பெயர்தான் இருக்கிறதா என்று வாசித்துவிட்டுக் காசு கொடுங்கள். காபாபென்டினைச் சிரப்பாக வாங்காதீர்கள், அதில் சைலிட்டால் என்கிற இனிப்பு இருக்கலாம். நாய்க்கு அது விஷம். 100 மி.கி. கேப்ஸ்யூல் போதும். கொடுத்த முதல் இரண்டு நாள் நாய் தள்ளாடும், பிறகு பழகிவிடும். கொடுத்துக்கொண்டிருந்ததைச் சட்டென்று நிறுத்தவும் கூடாது.

டோலோவும் பாரசிட்டமால்தான், கைக்கணக்கில் கொடுக்காதீர்கள். புரூஃபன், டைக்ளோஃபினாக் எந்தக் கணக்கிலும் வேண்டாம். வீட்டில் பூனையும் இருந்தால் பாரசிட்டமாலை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள், ஒரு மாத்திரையே உயிரை எடுக்கும்.

கே (கோவை): பொமரேனியன், 13 வயது, 8 கிலோ. இதயம் வீங்கியிருக்கிறது. சீட்டில் ஒன்பது மருந்து. எதையாவது நிறுத்தலாமா மேடம்?

ப: பெயர்களை வைத்துச் சொல்கிறேன், முடிவை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். ஃப்யூரோசமைடும், இதயத்துக்கான பிமோபென்டானும் உயிர் காப்பவை. முதலாவது மிக மலிவு, இரண்டாவது விலை அதிகம். ஆனால் மூச்சுத்திணறி ஒரு ராத்திரி ஆக்சிஜனில் கிடக்கும் செலவோடு ஒப்பிட்டால் அதுவும் மலிவுதான். பிமோபென்டானைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு கொடுங்கள், வயிறு நிறைந்திருந்தால் சரியாக ஏறாது. சீட்டில் உள்ள லிவர் டானிக், மல்டிவைட்டமின், மீன் எண்ணெய், இருமல் சிரப் இவற்றை நிறுத்தலாமா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஆம் என்பார்கள்.

காசில்லாத சோதனை ஒன்று உண்டு. தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணி காலண்டரில் எழுதுங்கள். 30-க்குக் கீழே இருக்கும்வரை ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டாம். 30-ஐத் தாண்டினால் சற்று நேரம் விட்டு மறுபடி எண்ணுங்கள், அப்போதும் தாண்டினால் அன்றே போன் செய்யுங்கள். ஃப்யூரோசமைடை எவ்வளவு கூட்டலாம் என்று முன்கூட்டியே எழுதி வாங்கியிருந்தால் பாதி அவசரங்கள் வீட்டிலேயே அடங்கும்.

கே (தஞ்சாவூர்): எங்க ஊர் மாட்டாஸ்பத்திரியில நாயைப் பார்ப்பாங்களா?

ப: பார்ப்பார்கள், ஊசி மருந்தும் இருக்கும், ஸ்கேன், ரத்தப் பரிசோதனைக்குத்தான் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. உங்களுக்குப் பக்கம் ஒரத்தநாடு. மற்றவர்களுக்குச் சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி. தனியாரைவிடக் கட்டணம் மிகக் குறைவு, கூட்டம் மிக அதிகம். காலையிலேயே போங்கள், பழைய ரிப்போர்ட் அத்தனையும் எடுத்துப் போங்கள். இல்லையென்றால் முதலிலிருந்து எல்லாம் எடுப்பார்கள். வயிற்று ஸ்கேன் என்றால் எட்டு மணி நேரம் பட்டினி, தண்ணீர் கொடுக்கலாம். சர்க்கரை நோய் உள்ள நாயைக் கேட்காமல் பட்டினி போடாதீர்கள்.

கே (சேலம்): இப்போ இன்சூரன்ஸ் எடுத்தால் உதவுமா?

ப: உதவாது. ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் வராது, வயது வரம்பும் உண்டு. நன்கொடை திரட்டுவதானால் ஆஸ்பத்திரி லெட்டர்ஹெட்டில் எஸ்டிமேட் வாங்கிப் போடுங்கள்.

கே (தூத்துக்குடி): எழுந்திருக்கவே முடியவில்லை. ஒரே இடத்தில் கிடக்கிறது. புண் வந்துவிட்டது. தினமும் டிரெஸ்ஸிங்குக்கு ஆள் வர வேண்டுமா?

ப: வேண்டாம், ஆனால் நாலு மணிக்கு ஒருமுறை புரட்டிப் போட ஒரு ஆள் வேண்டும். இடுப்பெலும்பு, தோள், முழங்கை இந்த மூன்று இடத்திலும்தான் தோல் சிவந்து பிறகு பிளக்கும். பழைய மெத்தை, மேலே ரெக்சின், அதன்மேல் துவைக்கக்கூடிய பருத்திப் புடவை. பெரியவர்களுக்கான டயப்பரில் வாலுக்கு ஓட்டை வெட்டிப் போடலாம், ஆனால் ஈரத்தோடு விட்டால் டயப்பரே புண்ணாக்கும்.

நம் ஊரில் இதைவிடப் பெரிய ஆபத்து புழு. வாலடியில், பின்தொடை இடுக்கில் முடியை ஒட்டக் கத்தரித்துவிட்டு, காலையும் மாலையும் முடியை விலக்கிப் பாருங்கள். அரிசிக் குருணை மாதிரி வெள்ளையாகக் கொத்தாக ஒட்டியிருந்தால் அது ஈ முட்டை. சீப்பால் அன்றே எடுத்துவிட்டால் செலவில்லை. விட்டால் ஒரே நாளில் பொரித்துத் தோலுக்குள் துளைத்துவிடும். பிறகு மயக்கம் கொடுத்துச் சுத்தம் செய்கிற அளவுக்குப் போகும். பகலிலும் கொசுவலை போடுங்கள்.

கே (வேளச்சேரி): எப்போது "போதும்" என்று முடிவெடுப்பது? உயிரை முடிக்கும் ஊசி போடவே கூடாது என்கிறார் அம்மா. வலிக்குமா?

ப: ஏழு விஷயங்களுக்குப் பத்துக்கு மதிப்பெண் போடும் அட்டவணை ஒன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது: வலி (மூச்சும் இதில் சேரும்), பசி, தண்ணீர்ச் சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா. பத்து என்றால் நல்ல நிலை, வலி இல்லாவிட்டால்தான் வலிக்குப் பத்து. மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் வைத்துப் பார்க்கலாம். வீட்டில் எல்லோரும் தனித்தனியாகப் போட்டுப் பிறகு ஒப்பிடுங்கள். அம்மா போடும் எண் பல நேரம் உங்களுடையதைவிடக் குறைவாக இருக்கும்.

வலிக்காமல் செய்ய முடியும், செய்முறை சரியாக இருந்தால். முதலில் மயக்க ஊசி; பத்துப் பதினைந்து நிமிடத்தில் தட்டினாலும் எழாத தூக்கம். அதன்பிறகு ரத்தக்குழாயில் பென்டோபார்பிட்டாலோ தயோபென்டோனோ அதிக அளவில். சில நிமிடங்களில் இதயம் நிற்கும். மயக்கம் கொடுக்காமல் மெக்னீசியம் சல்ஃபேட்டையோ பொட்டாசியம் குளோரைடையோ நேரே ஏற்றுவது கொடுமை. மலிவு என்பதற்காகச் சிலர் செய்கிறார்கள். "முதலில் என்ன ஊசி, அடுத்து என்ன ஊசி?" என்று கேளுங்கள். சரியாகச் செய்பவர் கோபப்பட மாட்டார். சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்குவார், இதயத்தைக் கேட்டுப் பார்த்த பிறகுதான் கிளம்புவார்.

கண் மூடாது, மூத்திரம் போகும், நின்ற பிறகும் ஒன்றிரண்டு பெருமூச்சு வரலாம். அம்மாவிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள். பகலில், தேதி குறித்துச் செய்தால் ராத்திரி அவசரக் கட்டணம் இல்லை. வீட்டுக்கே வருவாரா என்றும் கேட்கலாம்.

கே (பெயர் வேண்டாம்): அப்பா கொண்டுபோய் மார்க்கெட் பக்கம் விட்டுவிடலாம் என்கிறார்.

ப: 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டம் 11-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். அப்பாவை அது பயமுறுத்தாது. புதுத் தெருவில் நோயாளி நாயை மற்ற நாய்கள் என்ன செய்யும் என்று சொல்லுங்கள். தூங்க வைக்கும் ஊசிக்குக்கூடக் காசில்லை என்றால் கல்லூரி ஆஸ்பத்திரியில் அதையே வாய்விட்டுச் சொல்லிக் கேளுங்கள்.

கே (குரோம்பேட்டை): அபார்ட்மெண்ட். இறந்தபின் என்ன செய்வது?

ப: உயிர் போனதும் கால்களை மடக்கித் தூங்குவதுபோல் வைத்துவிடுங்கள், சில மணி நேரத்தில் விறைத்துவிடும். வாயிலும் ஆசனவாயிலும் நீர் வடியும், அடியில் பிளாஸ்டிக் விரித்துத் துணி போடுங்கள். ஐஸை மூட்டை கட்டி வயிற்றின் மேல் வையுங்கள், முதலில் கெடுவது வயிறு. செல்லப் பிராணிகளுக்கான எரிமேடை எங்கே, எத்தனை மணி வரை என்று மாநகராட்சியிலும் விலங்கு நல அமைப்புகளிலும் இப்போதே விசாரித்து எண்ணைக் குறித்துவையுங்கள். சொந்த ஊரில் புதைப்பதானால் கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் தள்ளி, நாலடி ஆழம், பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டுப் பருத்தித் துணியோடு. ஆழம் குறைந்தால் தெரு நாய்கள் தோண்டிவிடும். ஊசி போட்ட உடலைத் தின்றால் அவையும் மயங்கிச் சாகும்.

மீந்த மருந்தைத் தூக்கிப் போடாதீர்கள். கத்தரிக்காத அட்டைகளைப் பில்லோடு கொண்டுபோனால் பல கடைகளில் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். பிரிக்காத ரிங்கர் பாட்டில்களையும் பிமோபென்டானையும் உங்கள் டாக்டரிடம் கொடுத்துவையுங்கள். அதை வாங்கக் காசில்லாமல் ஒருவர் அந்த வாரமே வருவார்.